வார இறுதிப் பட்டறையில் நாட்டார் ஆட்டம் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறையாட்டம், ஒயிலாட்டம், கும்மி, கரகாட்டம் போன்றவற்றைச் சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாட்களில் அறிமுகப்படுத்தும் பட்டறைகள் தமிழ்நாட்டில் இப்போது பெருகியிருக்கின்றன. கோயில் கொடைக்காகவும் ஊர்த் திருவிழாவுக்காகவும் இரவு நேரங்களில் வாரக்கணக்கில் பழகப்பட்டு வந்த ஆட்டங்களைக் கல்லூரி மாணவர்களும் அலுவலகப் பணியாளர்களும் ஒரு மண்டபத்தில் கூடிப் பழகுவது நல்ல மாற்றம்தான். அத்தகைய பட்டறைகளில் வரிசைக்குப் பின்னால் நின்று காலடியைத் திருத்தும் வேலை எனக்கு அவ்வப்போது வாய்க்கிறது. நாங்கள் வாத்தியாரிடம் திட்டு வாங்கிய அதே பிழைகள் தலைமுறை மாறியும் மாறாமல் வருவதைப் பார்த்துத்தான் இதை எழுதத் தோன்றியது. தாமதமாக வருவது, இறுக்கமான உடை அணிவது, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குதிப்பது போன்றவற்றை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

காதை வீட்டில் வைத்துவிட்டுக் காலோடு மட்டும் வருவது

முதல் அடவை, அதாவது காலடிக் கோவையை, காட்டி முடித்தவுடன் வரிசையிலிருந்து வரும் முதல் கேள்வி, "இதற்கு எத்தனை கவுண்ட்?" என்பதாகவே இருக்கிறது. சினிமா நடனம் பழகியவர்கள் எட்டு வரை எண்ணிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அந்த நடனத்துக்குப் பொருந்தும். ஆனால் கும்மியின் பல மெட்டுகளும் பறையின் பல அடிகளும் 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாக நடப்பவை. ஆறு தட்டில் ஒரு சுற்று முடியும் அடியின்மேல் எட்டு வரை எண்ணி ஆடுகிறவர் முதல் சுற்றிலேயே இரண்டு தட்டு தள்ளிப் போய்விடுகிறார். அடியின் தொடக்கமும் அவருடைய எண்ணிக்கையின் தொடக்கமும் மறுபடி ஒன்றுசேர 24 தட்டுகள் ஆக வேண்டும். அதுவரை அவர் பக்கத்தில் ஆடுபவரை ஓரக்கண்ணால் பார்த்துச் சமாளிக்கிறார். பக்கத்தில் ஆடுபவரும் எண்ணிக்கொண்டிருந்தால் இருவரும் சேர்ந்தே தடுமாறுகிறார்கள்.

எண்ணிக்கையைச் சரியாக ஆறு என்று மாற்றிக் கொடுத்தாலும் பிரச்சினை தீராது. ஒயிலாட்டத்தில் ஓர் அடவை எத்தனை முறை ஆட வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாவதில்லை. வாத்தியார் வரிசையைப் பார்க்கிறார், கூட்டத்தைப் பார்க்கிறார், பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கிறார். பிறகு விசில் ஊதுகிறார். மேளக்காரர் அதை வாங்கிக்கொண்டு ஒரு முடிப்பு அடி அடிக்கிறார். அந்த முடிப்பு காதில் விழுந்தவுடன் கால் அடுத்த அடவுக்குத் தயாராக வேண்டும். மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிப்பதுதான் ஒயிலின் அழகு. அந்த வேகமும் ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் ஏறுவதில்லை. தேவராட்டத்தில் இது இன்னும் கண்டிப்பானது. இராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தினரின் அந்த ஆட்டத்தில் பாட்டே கிடையாது. உறுமியை ஒத்த தேவதுந்துபியின் ஒலி ஒன்றே ஆடுபவரை வழிநடத்துகிறது. காதைக் கொடுக்காத ஒருவருக்கு அங்கே பற்றிக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

இதைத் தெரிந்தும் பல ஏற்பாட்டாளர்கள் செய்யும் ஒரு காரியம்தான் எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுகிறது. மேளக்காரருக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு நாள் ஊதியத்தை மிச்சப்படுத்துவதற்காக, பதிவு செய்த இசையை ஒலிபெருக்கியில் போட்டுப் பட்டறையை நடத்தி முடித்துவிடுகிறார்கள். பதிவில் வேகம் எப்போதும் ஒன்றுதான். முடிப்பு எப்போதும் அதே நொடியில்தான் வரும். கற்பவர் மேளத்தைக் கேட்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது. பாட்டின் எந்த இடத்தில் எந்த அடவு என்று மனப்பாடம் செய்துகொண்டால் போதும் என்று உடம்பு முடிவு கட்டிவிடுகிறது.

அப்படிப் பழகிய ஒரு கல்லூரிக் குழுவை ஆண்டு விழாவில் பார்த்தேன். பட்டறைக்குப் பிறகும் அதே பதிவை வைத்து மாணவர்கள் மாலைதோறும் ஒத்திகை பார்த்திருந்தார்கள்; உழைப்பில் குறையே இல்லை. விழா அன்று சிறப்பாக இருக்கட்டும் என்று யாரோ தவிலும் பம்பையும் வரவழைத்துவிட்டார்கள். மேளக்காரர்கள் வழக்கம்போல நிதானமாக எடுத்தார்கள். முன்வரிசை மனப்பாடத்தின்படி அடுத்த அடவுக்குப் போய்விட்டது. பின்வரிசை மேளத்தைப் பிடிக்க முயன்று பழைய அடவிலேயே நின்றது. நடுவில் இருந்தவர்களுக்கு யாரைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. தவில்காரர் பிள்ளைகளின் காலைப் பார்த்தே அடித்து, கால் போகும் வேகத்துக்குத் தம் கையை இழுத்துக் கொண்டுவந்து, ஒருவழியாக ஆட்டத்தைக் கரைசேர்த்தார். ஆடத் தெரிந்தவர்கள் அந்தச் சாமர்த்தியத்தைக் கண்டு வியந்திருப்பார்கள். மேடையை விட்டு இறங்கியதும் ஏற்பாட்டாளர் சொன்னது: "மேளம் சரியில்லை."

இந்தத் தவற்றின் விலையை ஏற்பாட்டாளர் கொடுப்பதில்லை, கற்பவர்தான் கொடுக்கிறார். பதிவுக்குப் பழகிய உடம்பை மேளத்துக்குத் திருப்புவது, ஒன்றும் தெரியாத ஒருவருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடப் பல மடங்கு கடினம். ஆகவே பட்டறையில் சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மேளம் நேரில் உண்டா என்பதுதான். இல்லை என்றால் அந்தக் கட்டணத்தை வைத்துக்கொண்டு மேளம் இருக்கும் அடுத்த பட்டறைக்காகக் காத்திருக்கலாம்.

மேளம் இருக்கும் பட்டறையிலும் காதைப் பழக்கும் பொறுப்பு கற்பவருடையதே. முதலில் உட்கார்ந்து தொடையில் தட்டி அந்த அடியை வாயால் சொல்லிப் பழகுங்கள். வாய் தடுமாறும் இடத்தில்தான் பிறகு காலும் தடுமாறும். அடுத்து, அடவு எதுவும் போடாமல் மேளத்துக்கு வெறுமனே நடந்து பாருங்கள். மேளக்காரரிடம் வேகத்தை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள்; பணிவாகக் கேட்டால் மகிழ்ச்சியோடு செய்வார். சொல்லாமல் நடுவில் நிறுத்தச் சொல்லி, நீங்கள் தொடர்ந்து நடந்து, அவர் மீண்டும் எடுக்கும்போது உங்கள் கால் அதே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். கைபேசியில் காணொளி எடுப்பதைக் காட்டிலும் அன்றைய மேளத்தின் ஒலியை மட்டும் பதிந்துகொள்வது பயன் தரும். ஆனால் அதை வீட்டில் கேட்கத்தான் வேண்டும். அதற்கு ஆடக் கூடாது. முடிப்பு அடி எங்கே வருகிறது என்று காது தானாகக் கண்டுபிடிக்கும் வரை கேட்டால் போதும்.

எதிரில் நின்று பழகுவது

பயிற்றுநர் உங்களைப் பார்த்து நின்று ஆடினால் அவருடைய வலது உங்களுக்கு இடப்பக்கம் தெரியும். சில பயிற்றுநர்கள் உங்கள் வசதிக்காகத் தாங்களே மாற்றி ஆடுவார்கள். சிலர் மாற்றாமல் ஆடுவார்கள். காணொளியில் இரண்டும் கலந்து கிடக்கும். விளைவாக, பாதி வரிசை வலக்காலை எடுக்கும்போது மீதிப் பாதி இடக்காலை எடுக்கிறது. வரிசையாக ஆடும் ஒயிலில் இது பார்ப்பவர் கண்ணை உடனே உறுத்தும். கோலாட்டத்திலோ கண்ணை உறுத்துவதோடு நிற்காது, விரல் முட்டியில் கோல் விழும். பயிற்றுநருக்குப் பின்னால் போய் நின்று பழகுங்கள். காணொளி எடுத்தே தீர வேண்டுமென்றால் அதையும் பின்னாலிருந்து எடுங்கள்.

கைத்துணி

ஒயிலில் கையில் பிடித்து வீசும் துணியின் வீச்சு மணிக்கட்டில் இருக்க வேண்டும், தோளில் அல்ல.

கும்மியில் வாயை மூடிக்கொண்டு ஆடுவது

கும்மியில் பாட்டைப் பாடகர் பார்த்துக்கொள்வார், நாம் கைதட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஒருவர் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே வட்டத்தில் நகர்வதுதான் அதன் அமைப்பு. பாடும்போது மூச்சு தானாக வரியின் நீளத்துக்கு அடங்குகிறது. குனிந்து தட்டுவதும் நிமிர்ந்து நகர்வதும் அந்த மூச்சோடு சேர்ந்து வருகின்றன. பாடாமல் ஆடுபவர் எந்த இடத்தில் நிமிர வேண்டும் என்று தெரியாமல் அரைக் குனிவிலேயே வட்டத்தைச் சுற்றிவிட்டு, மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொங்குப் பகுதியின் வள்ளி கும்மியில் முருகன், வள்ளி கதையே பாட்டாகப் போகும். கதை தெரியாமல் அடவை மட்டும் பிடிக்க நினைப்பது வீண் வேலை. அந்த ஆட்டத்தைப் பல ஆண்டுகள் கற்பித்து, பெண்களையும் அதில் ஆட வைத்த மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த பத்திரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு வள்ளி கும்மி பழக வருவோரின் ஆர்வம் கூடியிருக்கிறது. பாட்டுத் தாளைக் கையில் வாங்கியதும் மடித்துப் பையில் வைப்போரின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை.

பறையை வெறும் கருவியாக எடுத்துக்கொள்வது

முதலில் கை. வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீண்டு மெலிந்த மூங்கில் குச்சி. இரண்டாவதைச் சுண்டுக்குச்சி என்றும் சிம்புக்குச்சி என்றும் ஊருக்கு ஊர் வேறு பெயரிட்டு அழைப்பார்கள். பறை இடத்தோளிலிருந்து தொங்கும். இடக்கை அதன் மேல்விளிம்பில் படிந்திருக்க, மெல்லிய குச்சி தோலின் குறுக்கே கிடக்கும். புதியவர்கள் பறை விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இடக்கையால் சட்டத்தை இறுகப் பிடித்துவிடுகிறார்கள். வார் தாங்கும் எடையைக் கை தாங்கத் தேவையில்லை. பிடி இறுகினால் அந்த மெல்லிய குச்சி தோலில் துள்ளாமல் ஒட்டிக்கொள்ளும். வலக்கையின் ஓசை மட்டும் கேட்கும். அடி மொட்டையாக இருக்கிறது என்று பிறகு பறைமேல் பழி போடுவார்கள். ஈரக் காற்றில் தோற்பறை தளரும் என்பதும், நெருப்பில் காய்ச்சித்தான் அதன் குரலை மீட்க வேண்டும் என்பதும் ஃபைபர் பறையில் மட்டும் பழகியவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. காய்ச்சும் நேரத்தைத் தேநீர் இடைவேளை என்று எண்ணி வெளியே போகாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். தோல் ஏறும்போது விரலால் சுண்டிப் பார்த்துப் பதம் அறிவதையும் அங்கேதான் கற்க முடியும்.

இரண்டாவது, வரலாறு. சாவு வீட்டிலும் ஊர்ச் சாட்டிலும் பறையடிப்பது தலித் மக்கள்மேல் சாதித் தொழிலாகச் சுமத்தப்பட்டிருந்தது. அந்த இழிவை மறுத்துப் பறையைத் தொடமாட்டோம் என்று நின்றவர்களும் உண்டு. அதே பறையை விடுதலையின் இசையாக மேடையேற்றியவர்களும் உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையோடு மேடையேறியதும், மதுரை மாவட்டத்துக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதும் அந்த நீண்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகவே பார்க்கப்பட வேண்டும். இது தெரியாமல் "செம எனர்ஜி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் ஒருவருக்கு, பறை கற்பிக்கும் ஆசான் ஏன் சில அடிகளைச் சில இடங்களில் அடிக்க மறுக்கிறார் என்பது ஒருபோதும் விளங்காது. மருள் அடியைக் கேட்டவுடன் அடித்துக் காட்டச் சொல்லி நச்சரிப்பதைப் பார்த்திருக்கிறேன். சாமி இறங்குவதற்காக அடிக்கப்படும் அடி அது, வேடிக்கைக்காக அல்ல. ஆசானாக எடுத்துக் காட்டினால் கவனித்துக் கேட்கலாம்.

கல் பதித்த தரையில் மண்ணில் குதிப்பதுபோல் குதிப்பது

இந்த ஆட்டங்கள் மண் தரையில் பிறந்தவை. பட்டறைகள் பெரும்பாலும் வழவழப்பான கல் பதித்த மண்டபங்களில் நடக்கின்றன. வெறுங்காலோடு நாள் முழுவதும் குதிகால் தரையில் மோதக் குதித்தால் ஞாயிறு மாலை கெண்டைக்காலும் முழங்காலும் வலிக்கும். முன்பாதத்தில் இறங்கி, முழங்காலை மடக்கி, மோதலை உடம்புக்குள் வாங்க வேண்டும். இயன்றால் ஏற்பாட்டாளரிடம் மைதானம் கேளுங்கள். சலங்கையை முதல் நாளே கட்ட வேண்டாம். அதன் எடை சிறிதென்றாலும் பழகாத கணுக்காலுக்கு அது கூடுதல் சுமை. அதோடு, முப்பது பேர் தப்பாக மிதிக்கும் சலங்கை ஒலியில் மேளம் காதில் விழாது.

உடையை முதலில் வாங்குவது

வேண்டாம்.

இரண்டாம் நாளே கரகத்தைத் தலையில் ஏற்றுவது

புகைப்படத்துக்காக இதைச் செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கோயிலில் பக்தியோடு எடுக்கும் சக்திக் கரகம் வேறு, தொழில்முறைக் கலைஞர்கள் ஆடும் ஆட்டக் கரகம் வேறு. பட்டறையில் கற்றுத்தருவது இரண்டாவதை மட்டுமே. தொடக்கத்தில் கனமில்லாத பிளாஸ்டிக் குடத்தை வைத்துப் பழகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இது நேர்மாறான கணக்கு. செம்புக்குள் அரிசி இட்டுக் கனம் கூட்டுவதே அது தலையில் நிலைத்து நிற்பதற்காகத்தான். இலேசான குடம் தலை சற்று அசைந்தாலே கூடவே நகர்ந்து சரியும். அதைச் சமாளிக்கக் கழுத்தை இறுக்கிக்கொண்டு ஆடிய பழக்கம் பிறகு உண்மையான கரகத்திலும் தொடரும். கனமான செம்பையோ பழகாத கழுத்து தாங்காது. ஆகவே முதல் சில வாரங்கள் தலையில் எதுவும் இல்லாமல், கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தின் அடிக்கு மார்பும் கழுத்தும் அசையாமல் இடுப்புக்குக் கீழே மட்டும் ஆடிப் பழகுங்கள். அடுத்து, பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, கரகத்தோடு நடக்க மட்டும் செய்யுங்கள். பிறகு உட்கார்ந்து எழுங்கள். சுற்றுவதும் குனிந்து எடுப்பதும் அவர் சொன்ன பிறகு போதும். அவர் சொல்லும் முன் கழுத்தில் சுளுக்கு விழுந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுநாளும் ஏற்றுவதற்கு எந்த வாத்தியாரும் சம்மதிக்கமாட்டார்.