மூளைச்சாவு என்று டாக்டர் சொன்ன பிறகு குடும்பங்கள் செய்யும் தவறுகள்

ஐசியூவில் இருப்பவரின் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது, மானிட்டரில் துடிப்பு ஓடுகிறது. டாக்டரோ மூளைச்சாவு என்கிறார். இதைக் கோமா என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. கோமாவிலிருந்து மீண்டவர்கள் உண்டு. மூச்சை இயக்கும் மூளைத்தண்டு செயலிழந்தது உறுதியானால், அதுதான் மூளைச்சாவு, மீட்சி இல்லை. நெஞ்சை அசைப்பது வென்டிலேட்டர். ஆக்சிஜன் கிடைக்கும்வரை இதயம் சில காலம் தானாகவே துடிக்கும். தாக்குதலில் மூளை பாதிக்கப்பட்டு 42 ஆண்டுகள் படுக்கையில் கிடந்த மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக்கைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். அவர் தானாக மூச்சு விட்டவர். அது வேறு நிலை.

'கிட்னிக்காகச் சாகடித்துவிட்டார்கள்' என்ற பேச்சை நம்புவது அடுத்த தவறு. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் மூளைச்சாவைச் சான்றளிக்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவைக் குழுவினர் அதில் இருக்கக் கூடாது. கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், விழியைப் பஞ்சால் தொடுவார்கள், காதில் ஐஸ் தண்ணீர் விடுவார்கள். கடைசியில் ஆக்சிஜன் கொடுத்தபடியே வென்டிலேட்டரைக் கழற்றி, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறியும் ஒரு மூச்சாவது வருகிறதா என்று காத்திருப்பார்கள். குறைந்தது 6 மணி நேரம் கழித்து எல்லாம் மறுபடி நடக்கும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மயக்க மருந்தின் வேகம் முழுதாக இறங்கிவிட்டதா? அது இறங்காமல் சோதனையே செய்யக் கூடாது. தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

இடையில் விரல் அசையலாம், கால் இழுபடலாம். அது தண்டுவடத்தின் வேலை, மூளையின் வேலை அல்ல. அதைப் பார்த்து 'உயிர் வந்துடுச்சு' என்று ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவது குடும்பத்தைத்தான் உருக்குலைக்கும்.

மூளைச்சாவு ஆகாமல், தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் கதை வேறு. பயனில்லாத சிகிச்சையை நிறுத்துவதைக் கருணைக்கொலை என்று பயப்பட வேண்டாம். ஊசி போட்டு உயிரைப் போக்குவது இங்கே குற்றம். உயிர்காக்கும் கருவிகளை நிறுத்த உச்ச நீதிமன்றம் 2018இல் வழி வகுத்தது. மருத்துவர் குழுக்கள் இரண்டின் ஒப்புதல் வேண்டும். தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். 2023 முதல் அதற்கு இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியும் போதும்.

மனம் ஆறாத தவறு இன்னொன்று. 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்றதும் கையெழுத்துப் போட்டு வெறுங்கையோடு கிளம்பிவிடுகிறார்கள். வீட்டில் மூச்சு திணறும்போது கையில் எதுவும் இருக்காது. சிகிச்சையை நிறுத்தினாலும் வலியைத் தணிக்கும் கடமை நிற்காது. டிஸ்சார்ஜுக்கு முன் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் என்ன மருந்து, எவ்வளவு, ராத்திரியில் யாருக்குப் போன் செய்வது என்று எழுதி வாங்குங்கள்.