லேம்ப் ஷேடைத் தண்ணீரில் போடாதீர்கள்

பொங்கலுக்கு ஒட்டடை அடித்து வீட்டைச் சுத்தம் செய்தபோது, திரைச்சீலைகளோடு சேர்த்து மேசை விளக்கின் பருத்தித் துணி ஷேடையும் சோப்புத் தூள் கரைத்த வாளியில் ஊறவைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. காய்ந்தபின் பார்த்தால் கீழ் விளிம்பைச் சுற்றிச் செம்பழுப்பில் துருக்கறை. ஆசையாக வாங்கிய பொருள். இன்றும் மனம் ஆறவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. இப்போது கடைகளில் கிடைக்கும் துணி ஷேடுகளில் பெரும்பாலானவை தைத்தவை அல்ல, ஒட்டியவை. மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் துணியை ஒட்டி, அதை இரும்புக் கம்பி வளையத்தில் மடித்து ஒட்டியிருப்பார்கள். நீரில் ஊறினால் பசை விட்டுவிடும், கம்பி துருப்பிடிக்கும். ஷேடைக் கவிழ்த்து உள்பக்கம் பாருங்கள். விளிம்பில் நூல் தையல் தெரிந்தால் மட்டுமே வெதுவெதுப்பான நீரில் அலசுவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் சாயம் போகிறதா என்று மறைவான ஓரத்தில் ஈரப் பஞ்சால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

தூசி படிந்த ஷேடை எடுத்தவுடன் ஈரத் துணியால் துடைப்பது அடுத்த தவறு. உலர்ந்த தூசி தட்டினால் உதிர்ந்துவிடும். ஈரம் பட்டால் சேறாகி நூலிழைகளுக்குள் இறங்கிவிடும். பெயின்ட் அடிக்கும் 2 அங்குலப் பிரஷ் ஒன்றைப் புதிதாக வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக, மடிப்பு வைத்த ஷேடாக இருந்தால் ஒவ்வொரு மடிப்பின் போக்கிலும், மெதுவாக இழுத்தால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் வேறு எதுவும் தேவைப்படாது. எண்ணெய்க் கை பட்ட கறையா? சோள மாவைத் தூவி, சில மணி நேரம் விட்டுப் பிரஷால் தட்டுங்கள். புதுக் கறையாக இருந்தால் மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்.

காகித ஷேடில் ஈரமே ஆகாது. மூங்கிலையும் பிரம்பையும் நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்தலாம். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். ஷேடுக்கு அடியில் மாவு போல் பொடி உதிர்ந்திருந்தால் அதைத் தூசி என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள், உள்ளே வண்டு துளைக்கிறது.

சமையலறைக் கண்ணாடி ஷேடில் தாளிப்புப் புகை பிசுக்காகப் படியும். இதற்கு வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும்தான் சரி. ஆனால் எரிந்து சூடாக இருக்கும் கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும், ஆறவிடுங்கள். இரும்பு நார் வேண்டாம். கண்ணாடி போலவே தெரியும் அக்ரிலிக் ஷேடுகளிடம் இன்னும் கவனம் தேவை. நகத்தால் தட்டினால் மந்தமான ஓசை வரும். ஸ்பிரிட்டும் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் பட்டால் அதில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். மழைக்காலத்தில் கிண்ண வடிவ ஷேடுகளில் ஈசல் விழுந்து நிறைவதையும் அவ்வப்போது கொட்டிவிட வேண்டும்.

மின்சார விஷயத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மேசை விளக்கின் பிளக்கைப் பிடுங்குங்கள். கூரை விளக்கென்றால் மெயினை அணையுங்கள். தொங்கும் ஷேடின் மீது எதையும் நேரடியாகத் தெளிக்காதீர்கள். அது வழிந்து ஹோல்டருக்குள் போகும். துணியில் தெளித்து, பிறகு துடையுங்கள்.

எவ்வளவு தேய்த்தாலும் போகாத மஞ்சள் நிறம் ஒன்று உண்டு. அது அழுக்கு அல்ல. குண்டு பல்பின் சூட்டில் துணியும் பிளாஸ்டிக்கும் பழுத்துப்போன நிறம். தேய்த்தால் துணிதான் கிழியும். ஹோல்டர் அருகே எத்தனை வாட் வரை போடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள், அதை மீறாதீர்கள். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை ஏறத்தாழ 9 வாட் எல்இடி பல்பே தந்துவிடும், சூடும் மிகக் குறைவு.

பழுத்த ஷேடைத் தூக்கிப் போடவும் வேண்டாம். என் ஷேடின் கம்பியை உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்து, பழைய சுங்குடிப் புடவைத் துண்டு ஒன்றைச் சுற்றித் தைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, தையல்தான்.