படகோனியாவின் காற்றும் அத்தகாமாவின் வறட்சியும்: செட்டிநாட்டிலிருந்து கிளம்புவோருக்குச் சில வழிமுறைகள்

காரைக்குடி வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, "பாலைவனத்துக்குப் போறவனுக்கு எதுக்கப்பா இத்தனை கம்பளி?" என்று அப்பத்தா கேட்டார். சிலி நாட்டுக்குச் செல்வோர் முதலில் திருத்திக்கொள்ள வேண்டிய எண்ணம் இதுவே. தெற்கே படகோனியா பகுதியிலுள்ள டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவில், கருங்கல் கோபுரங்களை அண்ணாந்து பார்க்கும் ஏரிக்கரை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. வடக்கே அத்தகாமா பாலைவனத்துச் சான் பெட்ரோ ஊரோ சுமார் 2,400 மீட்டரில், நம் கொடைக்கானலைவிட உயரத்தில் இருக்கிறது. தெற்கே மலையில் நம்மைச் சோதிப்பது காற்று. மூச்சு வாங்குவதும் விடியலில் விரல் விறைப்பதும் பாலைவனத்தில்தான்.

இரண்டு நிலங்களையும் உருவாக்கியது ஒரே ஆண்டீஸ் மலைத்தொடர். தெற்கில் அது பசிபிக்கிலிருந்து ஓயாமல் வீசும் மேலைக் காற்றைத் தடுத்து, மழையையும் பனியையும் தன் மேற்குச் சரிவில் இறக்கிக்கொள்கிறது. வடக்கில் அமேசான் பக்கத்து ஈரத்தை மறித்து நிற்க, மறுபுறம் ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் மேகம் திரண்டு மழையாவதைத் தடுப்பதால், அத்தகாமா வறண்டு கிடக்கிறது.

தெற்கில் தொடங்கி வடக்கில் முடிப்பதே என் பரிந்துரை. பல நாள் மலைநடைக்கு வேண்டிய தெம்பு தொடக்கத்தில்தான் இருக்கும். உயரத்துக்கு உடல் பழகும் வேலையை நிதானமான கடைசி நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். படகோனியாவில் கோடைக்காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பகல் நீளமாக இருக்கும், ஆனால் காற்றும் அப்போதுதான் மிகக் கடுமை. சில வேளைகளில் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும். கூட்டமும் காற்றும் சற்றுக் குறைந்த மார்ச் மாதத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பூங்காவுக்கு அருகிலுள்ள ஊர் புவெர்ட்டோ நத்தாலெஸ். 'டபிள்யூ' எழுத்தின் வடிவிலான நடைபாதையை நான்கைந்து நாட்களில் முடிக்கலாம்; வழியில் தங்குமிடங்களைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மெல்லிய உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றும் மழையும் புகாத மேற்சட்டை என அடுக்காக அணிந்து, ஏறும்போது கழற்றியும் நின்றவுடன் போட்டும் பழகுங்கள். முதுகுப்பையின் மழையுறையைக் காற்று பிடுங்கிச் சென்றுவிடும் என்பதால், உடைகளை உள்ளேயே பிளாஸ்டிக் பைகளில் கட்டி வைப்பது நல்லது. வாடகைக் கார் எடுப்போர் வண்டியின் முகப்பு காற்றை எதிர்நோக்குமாறு நிறுத்திவிட்டு, கதவை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் காற்று கதவையே முறித்துவிடக்கூடும். திறந்த வெளியில் தீ மூட்டுவதற்குத் தடை உண்டு. 2011 டிசம்பர் இறுதியில் மூண்ட தீ 17,000 ஹெக்டேருக்கு மேல் எரித்த பூங்கா அது. இந்த விதியை ஒருபோதும் மீறாதீர்கள்.

சாப்பாட்டு மூட்டை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் அதில்லாமல் கிளம்புவதில்லை. சிலி தன் வேளாண்மையைப் பூச்சியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பதில் மிகக் கண்டிப்பான நாடு. பழம், காய்கறி, விதை, பால் பொருள், தேன் ஆகியவற்றை மறைத்துக் கொண்டுபோனால் அபராதம் விதிப்பார்கள். தேன்குழல், சீடை, பருப்புப் பொடி, வத்தல், ஊறுகாய் என எது இருந்தாலும், நுழையும்போது தரும் உறுதிமொழிப் படிவத்தில் உணவுப்பொருள் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டிய பண்டம் ஆகாதென்றால் அதை எடுத்துக்கொள்வதோடு விட்டுவிடுவார்கள். சைவ உணவுக்காரர்கள் "சின் கார்னே, சின் பெஸ்காதோ", அதாவது இறைச்சியும் மீனும் இல்லாமல், என்று சொல்லக் கற்றுக்கொண்டால் அவரையும் பயறும் சமைத்துத் தருவார்கள்.

தெற்கிலிருந்து விமானத்தில் தலைநகர் சாந்தியாகோ வந்து, அங்கிருந்து காலாமா சென்று, சுமார் 100 கிலோமீட்டர் சாலையில் போனால் சான் பெட்ரோ. வந்து சேர்ந்த மறுநாளே எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகளுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அவை 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 86 டிகிரியிலேயே கொதித்துவிடும் அளவுக்குக் காற்றழுத்தம் குறைவு. இரண்டு மூன்று இரவுகள் ஊரில் தங்கி, நிலாப் பள்ளத்தாக்கு போன்ற தாழ்வான இடங்களைப் பார்த்துவிட்டுப் பிறகு செல்லுங்கள். விடியற்காலைக் குளிரில்தான் நீராவித் தூண்கள் திரண்டு தெரியும் என்பதால் இருட்டிலேயே புறப்பட வேண்டியிருக்கும். பூஜ்யத்துக்குக் கீழான அந்தக் குளிருக்குப் படகோனியாவில் போட்ட அதே கம்பளி உதவும். தலைவலியும் குமட்டலும் கூடினால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கீழே இறங்கிவிடுங்கள். இதயநோயோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் கிளம்புமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம். வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் உடலில் நீர் குறைவது தெரியாது. நாளுக்கு மூன்று லிட்டராவது குடியுங்கள். வளவில் விழும் மழையை அண்டாவில் பிடித்துவைத்த வீடுகளில் வளர்ந்த நமக்கு, விடுதியில் தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்கும்படி தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லை தாண்டிப் பொலிவியாவின் ஊயுனி உப்புவெளிக்கோ, தெற்கில் அர்ஜென்டினாவின் பெரித்தோ மொரெனோ பனியாற்றுக்கோ செல்ல எண்ணினால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கிளம்பாதீர்கள். அந்நாடுகள் வழியே திரும்புவோரிடம் இந்திய விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்கக்கூடும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். போட்டுக்கொண்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்று செல்லுபடியாகும் என்பதால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே சென்னைக்குப் போய்வந்துவிடுங்கள்.