"இவர் யூதரா?" என்று கேட்கும்போது நேரும் பிழைகள்

யூதர்களைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும், யூத நண்பரோ சக ஊழியரோ உள்ளவர்களும் முதலில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "இவர் யூதரா, இல்லையா?" என்று கேட்டுவிட்டு ஒரே பதிலை எதிர்பார்ப்பதுதான் அது. எந்தக் காரியத்துக்காகக் கேட்கிறோம் என்று சொல்லாதவரை அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. தொழுகைக்கு வேண்டிய பத்துப் பேரில் ஒருவராக எண்ணவா, இஸ்ரேல் குடியுரிமைக்கா, கல்யாணம் செய்துவைக்கவா? ஒவ்வொன்றுக்கும் முடிவு சொல்பவர் வேறு, விதியும் வேறு.

அமெரிக்காவில் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அப்பா யூதர், அம்மா கிறிஸ்தவர். யூத மதத்தின் தாராளப் பிரிவான ரிஃபார்மின் ஜெபாலயத்தில் வளர்ந்து, 13 வயதில் யூத வேதமான தோராவை வாசித்து, பார் மிட்ஸ்வா எனும் வயதுக்கு வரும் சடங்கும் முடித்தவர். ரிஃபார்ம் ரப்பிக்கு, அதாவது அப்பிரிவின் மதகுருவுக்கு, இவர் யூதர். அடுத்த தெருவில் இருக்கும், மதச் சட்டத்தைக் கறாராகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் ஜெபாலயத்தில் ஒன்பது பேர் பத்தாவது ஆளுக்காகக் காத்திருந்தாலும் இவரை எண்ண மாட்டார்கள். இஸ்ரேல் போனால், யூதர் ஒருவரின் பிள்ளை என்ற முறையில் குடியுரிமை கிடைக்கும். ஆனால் அங்கே ஒரு யூதப் பெண்ணை மணக்க ரப்பிகளின் அலுவலகத்துக்குப் போனால், "நீங்கள் யூதர் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆள் ஒருவர்தான், காகிதங்களும் அதே காகிதங்கள்தான். இந்தப் பதில்களில் ஒன்றை மட்டும் எடுத்து "இதுதான் உண்மை" என்று எழுதுவதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

நம்பிக்கையை முதலில் தேடுவது

"கடவுளை நம்பாதவர் எப்படி யூதராக இருக்க முடியும்?" என்று கேட்கத் தோன்றும். ஹலாகா எனப்படும் யூதச் சட்டப்படி, யூதத் தாய்க்குப் பிறந்தவர் யூதர். நம்பினாலும் நம்பாவிட்டாலும், தொழுதாலும் தொழாவிட்டாலும் அது மாறாது. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் 13 நம்பிக்கைக் கூறுகளைத் தொகுத்தார் என்பது சரி. ஆனால் அவற்றை ஒப்புவித்து உறுப்பினராகும் வழக்கம் பிறப்பால் யூதரானவருக்குக் கிடையாது. பியூ ஆய்வு மையம் 2020-இல் அமெரிக்க யூதர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், 27% பேர் மதமற்ற யூதர்களாக வருகிறார்கள். அமெரிக்க ரப்பி மோர்டெகாய் கப்லான் இயற்கைக்கு அப்பாற்பட்ட கடவுளை விலக்கிவைத்தே ரீகன்ஸ்ட்ரக்‌ஷனிஸ்ட் எனும் யூதப் பிரிவின் சிந்தனையைக் கட்டினார். 1963-இல் டெட்ராய்ட் பக்கம் ஷெர்வின் வைன் என்ற ரப்பி, கடவுள் என்ற சொல்லே வராத வழிபாட்டுடன் மனிதநேய யூத சபையைத் தொடங்கினார்.

நம்பிக்கை குறுக்கே நிற்கும் வாசல் ஒன்று இருக்கிறது: வேறு மதத்துக்குப் போவது. போலந்தில் யூதராகப் பிறந்த ஆஸ்வால்ட் ரூஃபைசன், போர்க்காலத்தில் மீர் நகரில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவிலிருந்து பலர் தப்பிக்க உதவியவர். பிறகு கத்தோலிக்கத் துறவியாகி 'சகோதரர் தானியேல்' ஆனார். பிறப்பால் யூதர் என்ற உரிமையில் இஸ்ரேல் குடியுரிமை கேட்டார். ஹலாகாவின் பார்வையில் அவர் அப்போதும் யூதர்தான். ஆனாலும் 1962-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சாதாரண மக்களின் புரிதலில் கிறிஸ்தவராகிவிட்டவர் யூதர் ஆகமாட்டார் என்பது தீர்ப்பு. மதச் சட்டம் உள்ளே விட்டவரை மதச்சார்பற்ற நீதிமன்றம் வெளியே நிறுத்திய விசித்திர வழக்கு இது. இதே காரணத்தால், 'மெசியானிக் யூதர்' என்று தங்களை அழைத்துக்கொண்டு இயேசுவை மெசியாவாக ஏற்கும் குழுக்களை யூத மதத்தின் இன்னொரு பிரிவாக எழுதக் கூடாது. ஒன்றோடொன்று எதிலும் ஒத்துப்போகாத ரிஃபார்மும் ஆர்த்தடாக்ஸும் இந்த மறுப்பில் மட்டும் ஒரே குரல்.

பிரிவுகளின் பெயரை நம்பி ஏமாறுவது

கன்சர்வேட்டிவ் யூதர்களைப் 'பழமைவாத யூதர்கள்' என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். அது ஆர்த்தடாக்ஸுக்கும் ரிஃபார்முக்கும் நடுவே நிற்கும் இயக்கம். பெண்களையும் பத்துப் பேரில் சேர்த்து எண்ண 1973-இல் வழிவிட்டது. 1985-இல் முதல் பெண் ரப்பியை நியமித்தது. பெயரை அப்படியே 'கன்சர்வேட்டிவ்' என்று எழுதிவிடுவது நல்லது. அமெரிக்காவுக்கு வெளியே இதே இயக்கத்துக்கு 'மசோர்த்தி' என்று பெயர். இஸ்ரேலில் ஒருவர் "நான் மசோர்த்தி" என்றால் பெரும்பாலும் அவர் சொல்வது இந்த இயக்கத்தை அல்ல. ஓரளவு மரபைக் கடைப்பிடிப்பவர் என்றுதான் பொருள். இஸ்ரேல் யூதர்களில் அப்படிச் சொன்னவர்கள் பியூவின் கணக்கில் 29%.

கறுப்புத் தொப்பி, நீள அங்கியைப் பார்த்ததும் 'ஹசிடிக்' என்று எழுதுவதும் அப்படித்தான். ஹசிடிக் இயக்கம் 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் பிறந்தது. அதைக் கடுமையாக எதிர்த்த வில்னா காவோன் என்ற ரப்பியின் வழிவந்தவர்களும் இன்று கறுப்புத் தொப்பிதான் போடுகிறார்கள். இரு தரப்பையும் சேர்த்துச் சொல்ல 'ஹரேதி' என்ற சொல் இருக்கிறது. மாடர்ன் ஆர்த்தடாக்ஸ் மருத்துவரோ ஜீன்ஸும் பின்னல் தொப்பியுமாக வேலைக்குப் போவார். ஆனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து ஓய்வுநாள் தொடங்கியபின் கைபேசியைத் தொட மாட்டார். தீவிர ஆர்த்தடாக்ஸ் என்றாலே, யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்னும் சியோனிஸ்ட் என்று முடிவுகட்டுவதும் தவறு. சத்மார் ஹசிடிக் பிரிவினர் கொள்கையளவிலேயே சியோனிசத்தை எதிர்ப்பவர்கள்.

இதைவிட ஆழமான பிழை, இந்தப் பிரிவுகள் எல்லா யூதர்களுக்கும் பொருந்தும் என்று நினைப்பது. ரிஃபார்ம் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் தோன்றியது. அதற்கு எதிர்வினையாகத்தான் 'ஆர்த்தடாக்ஸ்' என்ற அடையாளமே உறுதிப்பட்டது. பாக்தாத், மொராக்கோ, ஏமன், கொச்சி யூதர்களுக்கு இந்தச் சண்டையில் பங்கில்லை. மொராக்கோ வழிக் குடும்பம் ஒன்று சனிக்கிழமை காலையில் ஜெபாலயம் போகும், மாலையில் ஓய்வுநாள் விதியைப் பாராமல் கார் ஓட்டிக்கொண்டு கால்பந்து பார்க்கப் போகும். ஜெபாலயம் ஒன்றுதான், அதில் யார் எவ்வளவு கடைப்பிடிக்கிறார்கள் என்பது அவரவர் பாடு. அவர்களிடம் "நீங்கள் எந்தப் பிரிவு?" என்று கேட்டால் விழிப்பார்கள். அமெரிக்காவிலேயே பியூ கணக்கில் ரிஃபார்ம் 37%, கன்சர்வேட்டிவ் 17%, ஆர்த்தடாக்ஸ் 9% போக, 32% பேர் எந்தப் பிரிவையும் சொல்லவில்லை.

'பாதி யூதர்' என்ற கணக்கு

ஹலாகாவில் பாதி, கால் என்றெல்லாம் கிடையாது. தாய் யூதர் என்றால் பிள்ளை முழு யூதர், இல்லையென்றால் இல்லை. "ரிஃபார்மில் அப்பா யூதரானாலே போதும்" என்பதும் அரைகுறைச் செய்திதான். 1983-இல் அமெரிக்க ரிஃபார்ம் ரப்பிகள் நிறைவேற்றிய தீர்மானம், தாயோ தந்தையோ ஒருவர் யூதராக இருந்தால் பிள்ளையை யூதர் என்று முதலில் அனுமானிக்கச் சொல்கிறது. பெயர்சூட்டல், தோராக் கல்வி, பார் மிட்ஸ்வா போன்ற வெளிப்படையான செயல்களால் அது உறுதிப்பட வேண்டும் என்கிறது. கன்சர்வேட்டிவ் இயக்கம் இதை ஏற்கவில்லை. ரப்பிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தால்மூதை ஏற்காத கராயியர்கள் என்ற பிரிவினர் மரபாகவே தந்தை வழியைப் பார்ப்பவர்கள்.

டி.என்.ஏ. அறிக்கையில் 'அஷ்கெனாசி (ஐரோப்பிய யூத மரபு) 25%' என்று வந்ததும் "நானும் யூதர்" என்று கிளம்புவோர் உண்டு. ரப்பிகளின் நீதிமன்றமான பெத் தின் கேட்பது தாய்வழிக் காகிதங்களை: தாயின் கெதுபா எனும் திருமண ஒப்பந்தம், பாட்டியின் கல்லறைக் கல்வெட்டுப் படம், அந்த ஊர் ரப்பியின் கடிதம். இவற்றில் பெயர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதுதான் நடைமுறையில் அதிகம் தொல்லை தருவது.

மதம் மாறி வருவோரும் மணமுறிவும்

இஸ்ரேலின் திரும்புதல் சட்டம் 1950-இல் வந்தது, 1970-இல் திருத்தப்பட்டது. யூதர் யார் என்பதை அது ஹலாகாவை ஒட்டியே வரையறுத்தது. ஆனால் குடியேறும் உரிமையை யூதரின் பிள்ளை, பேரப்பிள்ளை, அவர்களின் துணைவர்கள் வரை நீட்டியது. சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்களில் லட்சக்கணக்கானோர் இந்த இடைவெளியில் நிற்கிறார்கள். குடிமக்கள், ராணுவத்திலும் இருப்பார்கள், ஆனால் ரப்பிகளின் பதிவேட்டில் யூதர் இல்லை. உள்நாட்டில் பதிவுத் திருமணம் கிடையாது என்பதால், சைப்ரஸ் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வந்து பதிகிறார்கள். ஆகவே "இஸ்ரேல் இவரை யூதராக ஏற்றது" என்று எழுதும்முன், ஏற்றது உள்துறை அமைச்சகமா, ரப்பிகளா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மதம் மாறி வருவோர் மூவர் அடங்கிய பெத் தின் முன் கட்டளைகளை ஏற்க வேண்டும். ஆண்களுக்கு விருத்தசேதனம், ஏற்கெனவே ஆகியிருந்தால் அதற்கு அடையாளமாக ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். கடைசியாக மிக்வே எனும் சடங்குக் குளத்தில் முழுக்கு. மோதிரம், நகப்பூச்சு எதுவும் உடலுக்கும் நீருக்கும் நடுவே இருக்கக் கூடாது; ஒரு முடி மிதந்தாலும் திரும்ப முங்கச் சொல்வார்கள். ஆர்த்தடாக்ஸில் இதற்கு முன்னான படிப்பே ஓராண்டுக்கு மேல் இழுக்கும். இவ்வளவும் முடித்தபின் சிக்குவது எங்கே என்றால், சான்றிதழைப் பிற்பாடு எங்கே காட்டப் போகிறோம் என்று யோசிக்காமல் பெத் தினைத் தேர்ந்ததில். வெளிநாட்டு ஆர்த்தடாக்ஸ் நீதிமன்றங்கள் எல்லாவற்றையும்கூட இஸ்ரேல் தலைமை ரப்பிகள் ஏற்பதில்லை. 2021 மார்ச்சில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், உள்நாட்டில் ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் வழியில் மாறியவர்களையும் ஏற்றது. ஆனால் குடியுரிமைக்கு மட்டும், கல்யாணத்துக்கு அல்ல. இன்னொன்று: கோஹேன் எனும் ஆசாரியர் மரபில் வந்தவர், மதம் மாறி வந்த பெண்ணை ஆர்த்தடாக்ஸ் முறையில் மணக்க முடியாது. காதலருக்காக மாறுவோர் இதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். மாறியபின் அவரிடம் பழைய மதத்தை நினைவூட்டிப் பேசுவதைத் தால்மூதே தடுக்கிறது.

விவாகரத்தில் அமெரிக்க ரிஃபார்ம் ரப்பிகள் நீதிமன்ற ஆணையே போதும் என்பார்கள். ஆர்த்தடாக்ஸில் கணவன் கொடுக்கும் 'கெத்' என்ற விடுதலைப் பத்திரம் வேண்டும். அது இல்லாமல் மறுமணம் செய்த பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளை 'மம்சேர்', அதாவது விலக்கப்பட்ட உறவில் பிறந்தது, ஆகிவிடும். பிற்காலத்தில் அந்தப் பிள்ளைக்குத்தான் கல்யாணத் தடை வரும். எந்தப் பிரிவில் இருந்தாலும் கெத் வாங்கிவைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பிரிவு ஒன்றானால் பேதம் இல்லையா?

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தில் எல்லோருடைய நம்பிக்கையும் ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தோருக்கு உள்ளே சம இருக்கை தரப்படவில்லை. தோரா வாசிக்க அழைப்பும் இருக்கவில்லை. வழக்கறிஞர் ஏ.பி. சேலம் அதற்கு எதிராக ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். மும்பைப் பக்கத்து பெனே இஸ்ரேல் மக்கள் இஸ்ரேலில் குடியேறியபோது, கல்யாணத்துக்கு முன் பல தலைமுறைப் பூர்வீகத்தைத் தோண்டச் சொல்லி 1960-களின் தொடக்கத்தில் தலைமை ரப்பிகள் உத்தரவிட்டார்கள். போராட்டத்துக்குப் பின் 1964-இல் நாடாளுமன்றம் அவர்களைச் சமமான யூதர்கள் என்று அறிவித்தது. இவற்றைப் பிரிவுச் சண்டையாக எழுதினால் நிறமும் பூர்வீகமும் மறைந்துபோகும்.

வீட்டுக்கு அழைக்கும்போது

"நீங்கள் உண்மையான யூதரா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "உங்கள் வீட்டு வழக்கம் என்ன?" என்று கேட்டால் வேண்டிய எல்லாம் வந்துவிடும். நம் சைவச் சாப்பாடு தானாகவே கோஷர், அதாவது யூத உணவுச் சட்டத்துக்கு ஏற்றது, ஆகிவிடாது. இறைச்சி சமைத்த பாத்திரம், கீரையிலும் காலிஃபிளவரிலும் ஒளிந்திருக்கும் புழு, எல்லாமே கணக்கில் வரும். பஸ்கா வாரத்தில் இட்லி, தோசை அஷ்கெனாசி மரபில் ஆகாது, ஏனென்றால் அரிசியும் பருப்பும் விலக்கு. ஸ்பெயின் வழி மரபினரான செபார்டியர் பலர் அரிசி சாப்பிடுவார்கள். கன்சர்வேட்டிவ் இயக்கமும் 2015 இறுதியில் அனுமதித்துவிட்டது. கேட்க வாய்ப்பில்லாமல் திடீரென வந்துவிட்டால், நறுக்காத வாழைப்பழமும் ஆரஞ்சும் காகிதத் தட்டில் வையுங்கள். கடுமையாகக் கடைப்பிடிப்பவரும் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்வார்.