டைக்காட்டமி என்ற சொல்லின் பொருளும் பயன்பாடும்: புதிதாகக் கற்போருக்கான செய்முறை விளக்கம்

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் ஜெனரல் பேப்பர் என்ற பொதுத்தாள் தேர்வு எழுதும் மாணவரும், பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஆய்வறிக்கை தயாரிக்கும் மாணவரும், வீட்டில் அவர்களுக்குத் துணை நிற்கும் பெற்றோரும் அடிக்கடி எதிர்கொள்ளும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று டைக்காட்டமி (dichotomy). இரண்டு பொருள்களுக்கிடையே ஏதேனும் வேறுபாடு தென்பட்டாலே இச்சொல்லைப் போட்டுவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் ஒரு முழுமையை மிச்சமில்லாமல் இரண்டாகப் பகுப்பதற்கே இச்சொல் உரியது. அந்த எல்லைக்குள் நின்று அதை எப்படிக் கையாள்வது என்பதைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: ஒலியையும் வேரையும் அறிந்துகொள்ளுங்கள்

சொல்லை டை, காட், ட, மி என்று நான்கு அசைகளாகப் பிரித்து, இரண்டாம் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். கிரேக்க மொழியில் ‘டிக்கா’ என்றால் இரண்டாக என்று பொருள்; பின்பாதி, வெட்டுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. உடலை வெட்டி ஆராயும் அனாட்டமியிலும், வெட்ட முடியாதது என்ற பொருளில் பெயர் பெற்ற ஆட்டம் என்ற அணுவிலும் இதே வேர்தான் இருக்கிறது. தமிழில் இடத்துக்கேற்ப இருகூறு, இருபிரிவு, இருமைப் பாகுபாடு என்று எழுதலாம்.

படி 2: இரண்டு சோதனைகளை வைத்துப் பாருங்கள்

ஒரு பாகுபாடு டைக்காட்டமி ஆவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பகுக்கப்படும் தொகுதியில் எதுவும் இரண்டு கூறுகளுக்கும் வெளியே எஞ்சி நிற்கக் கூடாது. எதுவும் ஒரே நேரத்தில் இரண்டு கூறுகளிலும் இடம்பெறக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அச்சொல்லுக்கு அங்கே இடமில்லை.

நமக்குப் பழக்கமான இலக்கணத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழின் 12 உயிரெழுத்துகளுள் 5 குறில், 7 நெடில். எஞ்சிய உயிரெழுத்து எதுவுமில்லை, இரண்டிலும் சேரும் உயிரெழுத்தும் இல்லை. ஆகவே குறில், நெடில் என்பது செம்மையான டைக்காட்டமி. மெய்யெழுத்துகளோ வல்லினம், மெல்லினம், இடையினம் என மூன்றாகப் பிரிகின்றன. அவற்றை வல்லினம், மெல்லினம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் ய, ர, ல, வ, ழ, ள ஆகிய ஆறும் எங்கே போகும்? முதல் சோதனையிலேயே அப்பாகுபாடு தோற்றுவிடுகிறது.

இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு தொல்காப்பியத்தில் கிடைக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் நூற்பா, மக்களைச் சுட்டுவது உயர்திணை என்றும், ‘அவரல பிறவே’ அஃறிணை என்றும் வகுக்கிறது. மக்கள் அல்லாத பிற அனைத்தும் என்று சொல்லிவிட்டதால் கல்லும் மரமும் காற்றும் எருதும் ஒருங்கே அதற்குள் அடங்கிவிடுகின்றன. எதுவும் வெளியே நிற்க வழியில்லை. ஆனால் அதே நூலில் பெயர்ச்சொற்களைப் பகுக்கும் இடம் வரும்போது, உயர்திணைப் பெயர், அஃறிணைப் பெயர் என்ற இரண்டோடு விரவுப்பெயர் என்ற மூன்றாவது வகையும் சேர்க்கப்படுகிறது. ‘சாத்தன் வந்தான்’ என்றால் மனிதன், ‘சாத்தன் வந்தது’ என்றால் எருது என்று, ஒரே பெயர் இரு திணைக்கும் பொதுவாக நிற்பதே அதற்குக் காரணம். பொருள்களின் பாகுபாடு இரண்டாக நிற்க, அவற்றைச் சுட்டும் பெயர்களின் பாகுபாடு மூன்றாக வேண்டியிருக்கிறது என்பதை இவ்வளவு கூர்மையாகப் பிரித்துப் பார்த்த மரபு நம்முடையது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். ‘இங்குள்ள வீடுகள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள், கூட்டுரிமை வீடுகள் என்ற டைக்காட்டமிக்கு உட்பட்டவை’ என்று ஒரு மாணவர் எழுதினால் தரைவீடுகள் விடுபட்டுவிடுகின்றன. மக்கள்தொகையைக் குடிமக்கள், நிரந்தரவாசிகள் என்று இரண்டாக்கினாலும் அப்படித்தான். வேலை அனுமதியில் இருப்போரும் வெளிநாட்டு மாணவர்களும் இரண்டிலும் அடங்குவதில்லை. புள்ளிவிவரத் துறை குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் சேர்த்து வசிப்போர் என்று ஒரு பக்கமும், மற்றவர்களை வசிப்போர் அல்லாதார் என்று மறுபக்கமும் கணக்கிடுகிறது. இந்தப் பாகுபாடு இரண்டு சோதனைகளிலும் தேறுகிறது.

படி 3: ‘அல்லாதது’ என்ற வழியை அளவோடு பயன்படுத்துங்கள்

மேலே கண்ட நல்ல எடுத்துக்காட்டுகளுள் திணைப் பாகுபாடும் வசிப்போர் பாகுபாடும் ‘அல்லாதது’ என்ற எதிர்மறையால் அமைந்தவை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எந்தத் தொகுதியையும் ‘இது’, ‘இது அல்லாதது’ என்று பகுத்தால் தருக்க முறைப்படி அது பிழையாவதில்லை. ஆயினும் ‘அல்லாதது’ என்ற பிரிவுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பலவும் குவிந்துவிடும் அபாயம் உண்டு. மனித இனத்தைக் கிரேக்கர் என்றும் மற்றவர் அனைவரும் என்றும் பிரிப்பதை, கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோ எழுதிய ‘அரசியலாளன்’ என்ற உரையாடல் இக்காரணத்துக்காகவே குறை கூறுகிறது. மற்றவர்கள் எண்ணற்ற இனத்தவர், அவர்களுக்குள் பொதுமை கிடையாது, ஒரே பெயரிட்டு அழைப்பதால் மட்டும் அவர்கள் ஓரினமாகிவிட மாட்டார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. எண்களை ஒற்றை, இரட்டை என்று பகுப்பதையே அது நல்ல முறைக்கு உதாரணமாகக் காட்டுகிறது. நீங்களும் கட்டுரையில் ‘சீனர், சீனர் அல்லாதார்’ என்பது போல எழுத நேர்ந்தால், அந்த இரண்டாம் பிரிவைப் பற்றிப் பொதுவாக ஏதேனும் சொல்ல முடிகிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

படி 4: வாக்கியத்தில் பொருத்துங்கள்

ஆங்கில வாக்கியத்தில் இச்சொல்லை அடுத்துப் பெரும்பாலும் ‘பிட்வீன்’ வரும். அதன்பின் இரு கூறுகளும் ‘அண்ட்’ என்பதால் இணைக்கப்படும். இரண்டு கூறுகளையும் பெயரிட்டுச் சொல்லாமல் விட்டால் வாக்கியம் குறையுடையதாகவே நிற்கும். பெயரடை வடிவம் டைக்காட்டமஸ். ஆய்வுப் படிவத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு விடைகள் மட்டுமே பெறும் மாறியை டைக்காட்டமஸ் மாறி என்பார்கள்.

பைஃபர்கேஷன் என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாலையோ ஆறோ மூச்சுக்குழலோ ஓரிடத்தில் கவடாகப் பிரிவதற்குப் பைஃபர்கேஷன் என்று பெயர். டைக்காட்டமி பெரும்பாலும் கருத்து அளவிலான பகுப்பைச் சுட்டும். தாவரவியல் இதற்கு ஒரு விலக்கு: புக்கிட் தீமா போன்ற இடங்களில் காட்டு ஓரத்தில் அடர்ந்து படரும் ரேசாம் பெரணியின் இலைத்தண்டு ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும்; அந்தக் கிளைப்புமுறையையும் டைக்காட்டமஸ் என்றே தாவரவியலார் எழுதுவர்.

படி 5: பொய்யான டைக்காட்டமியைக் கண்டுபிடியுங்கள்

ஃபால்ஸ் டைக்காட்டமி என்ற தொடரை வாதங்களை மதிப்பிடும்போது பயன்படுத்துகிறோம். இரண்டு வழிகளே இருப்பதாகவும், ஒன்றை ஏற்றால் மற்றதைக் கைவிட்டே ஆக வேண்டும் என்றும் ஒருவர் வாதிடும்போது, உண்மை அப்படி இல்லையெனில், அந்த வாதத்துக்கு இப்பெயர். இதைக் கண்டறியப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. இரண்டாம் படியில் சொன்ன சோதனைகளே போதும். மூன்றாவது வழி உண்டா? இரண்டும் ஒருசேர நடக்க முடியுமா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்ற விடை கிடைத்தாலும் வாதம் சரிந்துவிடும்.

நம் குடும்பங்களில் இன்றும் ஒலிக்கும் ஒரு வாதத்தைச் சோதித்துப் பார்ப்போம்: ‘பிள்ளை ஆங்கிலத்தில் முன்னேற வேண்டுமா, வீட்டில் தமிழ் பேச வேண்டுமா, நீங்களே முடிவு செய்யுங்கள்.’ இந்நாட்டில் இரண்டாம் மொழி தொடக்கப்பள்ளிகளில் 1960 முதலும், உயர்நிலைப்பள்ளிகளில் 1966 முதலும் கட்டாயப் பாடமாக இருந்துவருகிறது. பள்ளியில் ஆங்கிலமும் வீட்டில் தமிழுமாக வளர்ந்து இரண்டிலும் தேர்ந்தவர்கள் நம் உறவிலும் அண்டை அயலிலும் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து நடப்பதைக் கண்முன் பார்த்துக்கொண்டே ஒன்றை விட்டுவிடச் சொல்வது, பொய்யான டைக்காட்டமிக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இந்தப் பிழையைப் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்ட நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வது, தேர்வு மதிப்பெண்ணைக் காட்டிலும் முக்கியமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படி 6: ஒரு திறவுகோல் அமைத்துப் பயிலுங்கள்

சொல்லின் பொருள் மனத்தில் நிலைக்க, உயிரினங்களை இனங்காணும் டைக்காட்டமஸ் திறவுகோலை, அதாவது ஒவ்வொன்றுக்கும் இரண்டே விடைகள் உள்ள கேள்விகளின் வரிசையை, ஒருமுறை நீங்களே அமைப்பதுதான் சிறந்த பயிற்சி. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் காணக்கூடிய ஐந்து உயிரினங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: மைனா, நீர்நாய், நீருடும்பு, மலைப்பாம்பு, சேற்றில் தாவித் திரியும் மட்ஸ்கிப்பர் மீன்.

‘நீரில் வாழ்வதா, நிலத்தில் வாழ்வதா’ என்ற கேள்வியோடு தொடங்கத் தோன்றும். அதைத் தவிர்த்துவிடுங்கள், நீர்நாயும் நீருடும்பும் மட்ஸ்கிப்பரும் இரண்டு இடங்களிலும் காணப்படுவதால் அக்கேள்வி இரண்டாம் சோதனையில் தோற்கும். ‘பெரியதா, சிறியதா’ என்பதும் உதவாது, ஏனெனில் எல்லை எங்கே என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வர். கண்ணால் பார்த்து ‘உண்டு’, ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய உறுப்பைக் கேளுங்கள்.

முதல் கேள்வி, இறகு உண்டா என்பது. உண்டு என்றால் மைனா; இல்லையென்றால் அடுத்த கேள்விக்குச் செல்ல வேண்டும். இரண்டாவதாக, உடலில் உரோமம் உண்டா என்று கேட்டால் நீர்நாய் பிரிந்துவிடும். மூன்றாவதாக, துடுப்பு உண்டா என்று கேட்டால் மட்ஸ்கிப்பர் பிரியும். நான்காவது கேள்வி, நடப்பதற்கு நான்கு கால்கள் உண்டா என்பது. உண்டு என்றால் நீருடும்பு, இல்லை என்றால் மலைப்பாம்பு.

ஐந்து உயிரினங்களுக்கு 4 கேள்விகள் ஆகியிருக்கின்றன. ஒவ்வொரு கேள்வியும் ஒரு குழுவை இரண்டாக வெட்டிக் குழுக்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவதால், கேள்விகளை எந்த வரிசையில் வைத்தாலும் மொத்தம் 4 தான் வரும். அடுத்ததாக அதே காப்பகத்தில் வாழும் உவர்நீர் முதலையை ஆறாவதாகச் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் நான்கு கால்கள் இருப்பதால் நான்காம் கேள்வியில் அது நீருடும்போடு போய் நிற்கும். அவ்விடத்தில் ‘நாக்கின் நுனி பிளவுபட்டிருக்கிறதா’ என்ற ஐந்தாம் கேள்வியை வைத்தால், ‘ஆம்’ என்ற பக்கம் நீருடும்பும் ‘இல்லை’ என்ற பக்கம் முதலையும் பிரிந்து நிற்கும்.