பெரிய லாட்டுக்கு (வர்த்தக அளவுக்கு) ஏற்ற ஃபோரெக்ஸ் (அந்நியச் செலாவணி) புரோக்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோலாலம்பூரில் இருந்து வர்த்தகம் செய்பவர்கள் முதலில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, மூலதனச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷன் இரண்டின் எச்சரிக்கைப் பட்டியல்களையும் பாருங்கள். புரோக்கர் பெயர் அங்கே இருந்தால் பேச்சே வேண்டாம். பெயர் இல்லை என்பதற்காக உரிமம் இருக்கிறது என்றும் எண்ணிவிடாதீர்கள். அதைத் தனியாக உறுதி செய்யுங்கள்.

அடுத்தது சந்தையின் ஆழம், அதாவது ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு வாங்க, விற்க முடியும் என்பது. யூரோ-டாலரில் 10 லாட் என்றால் 10 லட்சம் யூரோ. கேட்ட விலையிலிருந்து ஒரு பிப் (0.0001 டாலர்) நழுவினால் 100 டாலர் போச்சு. விளம்பரத்தில் வரும் 0.1 பிப் ஸ்பிரெட் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) முதல் 1, 2 லாட்டுக்கு மட்டும் கிடைக்கலாம். மீதி அடுத்தடுத்த விலைகளில் நிரம்பும். அதனால் மார்க்கெட் டெப்த் திரையில் ஒவ்வொரு விலையிலும் எத்தனை லாட் நிற்கிறது என்று பாருங்கள்.

டெமோ கணக்கை நம்பாதீர்கள். அங்கே உண்மையான பணப்புழக்கம் கிடையாது. நிஜக் கணக்கில் சிறிய அளவில் தொடங்கி 30 ஆர்டராவது போட்டு, கேட்ட விலை, கிடைத்த விலை, நேரம் மூன்றையும் எழுதுங்கள். பிறகு அளவை மெல்லக் கூட்டுங்கள். நழுவல் எப்போதும் உங்களுக்கு எதிராகவே வந்தால், அந்தப் புரோக்கரை விட்டு விலகுங்கள். ‘லாஸ்ட் லுக்’ (விலை தருபவர் ஆர்டரைக் கடைசி நொடியில் பார்த்து மறுக்கும் உரிமை) உண்டா என்றும் எழுத்து மூலம் கேளுங்கள்.

நம் நேரம் இரவு 9 முதல் 12 வரை லண்டனும் நியூயார்க்கும் சேர்ந்து திறந்திருக்கும். பெரிய ஆர்டருக்கு அதுவே நல்ல வேளை. விடிகாலை 5, 6 மணிக்கு ஸ்பிரெட் விரியும். ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை நிறுத்த முன்கூட்டியே வைக்கும் ஆர்டர்) விலைக்கு உத்தரவாதம் இல்லை: 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் ஃபிராங்க் பாய்ந்தபோது பல ஸ்டாப்கள் வெகுதூரம் தள்ளித்தான் நிரம்பின.