குளிக்க அழும் குழந்தை: தலைக்கு ஊற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்

தண்ணீரைக் கண்டாலே குதித்த குழந்தை, திடீரென்று ஒருநாள் பக்கெட்டைப் பார்த்ததும் வீரிட்டு அழ ஆரம்பிக்கும். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இது சகஜம். "ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டு மடமடன்னு ஊத்திடுங்க, சரியாயிடும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அன்றைய குளியல் முடிந்துவிடும். மறுநாள் பாத்ரூம் வாசலிலேயே அழுகை தொடங்கும்.

எதற்குப் பயம் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. குளிக்கவைக்கும் எண்ணமே இல்லாமல் ஒருநாள் உடுப்போடு பாத்ரூமுக்குத் தூக்கிப்போய்ப் பாருங்கள். உள்ளே நுழைந்ததுமே மிரண்டால் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம், எதிரொலி, வழுக்கும் தரை, தண்ணீர் போகிற ஓட்டை ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். குழாயைத் திறந்ததும் அழுதால் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம். அதை முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடலாம். உடம்புக்கு ஊற்றும்வரை சும்மா இருந்து தலைக்கு வந்ததும் கத்தினால், முகத்தில் தண்ணீர் வழிவதுதான் காரணம். அதிகம் பார்ப்பது இதைத்தான்.

சோப்பு பட்டதும் அழுகிற குழந்தைக்குத் தொடையிடுக்கில் டயபர் புண்ணோ வேர்க்குருவோ இருக்கிறதா என்று பாருங்கள். எரிச்சலைப் பயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். தலையைச் சாய்த்தாலே அழுது, இரவிலும் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் டாக்டரிடம் காதைக் காட்டுங்கள்.

காரணம் பிடிபடும்வரை குளியலுக்கு விடுமுறை கொடுக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து முகம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, கைகால் என்று துடைத்துவிட்டால் போதும். வியர்வை பிசுபிசுக்கும் தலையையும் ஈரத்துணியால் துடைக்கலாம். ஓரிரு வாரம் இப்படிப் போவதால் ஒன்றும் ஆகிவிடாது.

அந்த நாட்களில் தண்ணீரை விளையாட்டாக மட்டும் காட்டுங்கள். இடத்தையும் மாற்றுங்கள்: பால்கனி, கொல்லைப்புறம், ஹாலில் விரித்த ஒரு பழைய பாய். அகலமான பிளாஸ்டிக் பேசினில் இரண்டு விரற்கடை தண்ணீர், ஒரு டம்ளர், ஒரு வடிகட்டி. குழந்தை வெளியே உட்கார்ந்து கையால் அளையட்டும். தானாகக் காலை உள்ளே வைக்கும் நாளுக்காகக் காத்திருங்கள். தூக்கி உள்ளே வைக்காதீர்கள். பேசினுக்குள் அடியில் ஒரு ஈரத்துண்டை விரித்தால் வழுக்காது. தொபுக்கென்று ஒருமுறை வழுக்கி உட்கார்ந்தாலே போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

இந்த விளையாட்டில் ஒரு விஷயத்தில் மட்டும் தளர்வு கூடாது. இரண்டு அங்குலத் தண்ணீரிலும் சின்னக் குழந்தை மூழ்கிவிடும். நம் வீடுகளில் பெரிய ஆபத்து பக்கெட்தான்: இந்த வயதில் தலை கனம், எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் தானாக வெளியே வர முடியாது. போன் அடித்தாலும் காலிங்பெல் அடித்தாலும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள். முடிந்ததும் பேசின், பக்கெட் இரண்டையும் கவிழ்த்து வையுங்கள்.

குளியலுக்குத் திரும்பும்போது தண்ணீரின் சூடு 37, 38 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் முழங்கையை விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. உள்ளங்கையை நம்ப வேண்டாம், சமையல்கட்டில் புழங்கிய கைக்கு நல்ல சூடும் இதமாகத்தான் இருக்கும். பச்சைத்தண்ணீரை முதலில் பிடித்து, அதில் வெந்நீரை விட்டு விளாவுங்கள். வரிசை மாறினால், நீங்கள் திரும்புவதற்குள் குழந்தை வெறும் வெந்நீரில் கையை விட்டுவிடும். கீசரில் சூட்டைக் குறைக்கும் வசதி இருந்தால் 49 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். ஃபேனை அணைத்துவிட்டு, துண்டைக் கையெட்டும் இடத்தில் போடுங்கள். பல குழந்தைகள் அழுவது ஈர உடம்போடு நடுங்கி நிற்கும் அந்த அரை நிமிடத்துக்குத்தான்.

ஊற்றுவது பாதத்திலிருந்து மேலே போகட்டும். முதலில் டம்ளரைக் குழந்தையின் கையிலேயே கொடுங்கள். தன் காலில் ஊற்றிக்கொள்ளட்டும், உங்கள் காலிலும் ஊற்றட்டும். முழங்கால், இடுப்பு, முதுகு, தோள் என்று சில நாட்களில் மெல்ல ஏறலாம். மொத்தமும் ஐந்து நிமிடத்துக்குள் முடியட்டும். தூக்கம் சொக்கும் மாலை வேளையும் பசி நேரமும் வேண்டாம்.

இனி தலை. இதற்கு வாரத்தில் இரண்டு நாள் போதும். கைக்குழந்தையாக இருந்தபோது பாட்டி காலை நீட்டிப் படுக்கவைத்து ஊற்றியிருப்பார்; அப்போது பழகிய குழந்தைக்குக்கூட, விவரம் தெரிந்தபின் மல்லாந்து கிடக்கும்போது மேலிருந்து தண்ணீர் வருவது மிரட்சியைத் தரும். உட்காரவைத்தே ஊற்றுங்கள், கால் இரண்டும் தரையில் பதிந்திருக்கட்டும். மக் வேண்டாம், 150 மில்லி பிடிக்கிற காப்பி டம்ளர் போதும். "தங்கம், மேல பாரு, பல்லி இருக்கா?" என்றால் முகம் தானாக நிமிரும். உங்கள் இடது உள்ளங்கையை நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் அணைபோல் வைத்து, டம்ளரைத் தலையை ஒட்டிப் பிடித்து, உச்சியிலிருந்து பின்பக்கமாக ஊற்றுங்கள். நிமிர மறுத்தால், நான்காக மடித்த உலர்ந்த துண்டைக் கொடுத்துக் கண்ணை அதுவே பொத்திக்கொள்ளச் சொல்லுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி ஊற்றி, மூன்றில் நிறுத்துங்கள். நுரை மிச்சமிருந்தால் முகத்தைத் துடைத்துவிட்டு, சொல்லிவிட்டு அடுத்த மூன்று. எண்ணிக்கையில் ஏமாற்றினால் மறுநாள் அது எடுபடாது.

ஷாம்பு ஒரு ரூபாய் நாணயம் அளவு போதும், கண் எரியாத குழந்தை ஷாம்பு. சீயக்காய்த்தூள் இப்போதைக்கு வேண்டாம், கண்ணில் பட்டால் அந்த உறுத்தல் எளிதில் மறக்காது. எண்ணெய்க் குளியலையும் தள்ளிப்போடுங்கள். எண்ணெய் தேய்த்தால் ஷாம்பு இரட்டிப்பாகும், அலசும் தண்ணீரும் கூடும், குழந்தை கையில் வழுக்கும், நாம் இறுக்கிப் பிடிப்போம். சனிக்கிழமை அழுகை மற்ற நாளைவிடப் பலமாக இருப்பதற்கு இதுவே காரணம். மூக்கில், காதில் எண்ணெய் விடுவதும் மூக்கில் ஊதிச் சளி எடுப்பதும் எந்த வயதிலும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடக்கூடும்.

ஓட்டைக்குப் பயப்படுகிற குழந்தையிடம் "ஒண்ணுமில்ல" என்றால் எடுபடாது. தன்னையும் உறிஞ்சிவிடும் என்று நினைக்கிறது. பூவிதழைப் போட்டால் ஓட்டை வழியே போவதையும், பந்து ஜல்லடையிலேயே நிற்பதையும் அதையே செய்து பார்க்கவிடுங்கள். குளிக்கும்போது அதன்மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, துவட்டித் தூக்கியபின் எடுங்கள். "உள்ளே பூச்சாண்டி இருக்கான்", "சேட்டை பண்ணினா தலைக்கு ஊத்திடுவேன்" போன்ற மிரட்டல்களை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். தலைக்கு ஊற்றுகிற ஆளும் கொஞ்ச நாளைக்கு ஒருவராகவே இருக்கட்டும்.

இரண்டு நாள் அழாமல் குளித்துவிட்டால் வேகத்தைக் கூட்டத் தோன்றும். அங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. காய்ச்சல் வந்து போனாலும், ஊருக்குப் போய்ப் புதுப் பாத்ரூமைப் பார்த்தாலும் பழைய அழுகை திரும்பலாம். இரண்டு படி பின்னால் போய், தோள் வரை ஊற்றுவதிலிருந்து தொடங்குங்கள். ஊருக்குக் கிளம்பும்போது அந்த டம்ளரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முடிவெட்டுவது, நகம் வெட்டுவது, பல் துலக்குவது, சட்டையின் லேபிள் உரசுவது என எல்லாவற்றுக்கும் இதே அளவு அழுகிற குழந்தையைக் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, தொடு உணர்ச்சி பற்றித் தனியாகக் கேளுங்கள்.